பெட்டி நம்முடையது, பொறுப்பும் நம்முடையது: சிறு அலுவலக வைஃபையில் மாற்று ஃபர்ம்வேர்

பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம். கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு கணினி, அதை நம்பியிருக்கும் ஏழெட்டுக் கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு சுவிட்ச், மூலையில் இணைய நிறுவனத்தார் வைத்துவிட்டுப் போன பெட்டி. எல்லாம் கேபிளில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு லேப்டாப்புகள் வருகின்றன. கைபேசியிலேயே பில் போடும் செயலி வருகிறது. வாசலில் காத்திருக்கும் வாடிக்கையாளர், “வைஃபை பாஸ்வேர்டு என்ன சார்?” என்கிறார். மூலையில் இருக்கும் பெட்டியின் சிக்னல் முதலாளி அறைக்கே எட்டவில்லை.

இந்தக் கட்டத்தில் இரண்டு யோசனைகள் வரும். கடையில் ஒரு புது வைஃபை ரவுட்டர் வாங்கி வந்து சுவிட்ச்சில் செருகிவிடலாம் என்பார் ஒருவர். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரில் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் பெரிய நிறுவனங்கள் வைத்திருப்பதைப் போல ஆகிவிடும் என்பார் கணினி தெரிந்த இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மாற்று ஃபர்ம்வேர் எதைத் தரும், எதைத் தராது, யாருக்குத் தகும் என்ற மூன்று கேள்விகளை இங்கே ஆராயலாம்.

முதலில் சொல்லை விளக்கிவிடுவோம். ரவுட்டர் ஒரு சின்னக் கணினிதான். அதற்கும் செயலி உண்டு, நினைவகம் உண்டு, இயங்குதளம் உண்டு. பெட்டிக்குள் பதிந்திருக்கும் அந்த இயங்குதளமும் அதன்மேல் ஓடும் நிரல்களும் சேர்ந்ததே ஃபர்ம்வேர். தயாரிப்பாளர் பதித்ததை நீக்கிவிட்டு வேறொருவர் எழுதியதைப் பதிப்பதே மாற்று ஃபர்ம்வேர்.

ஒரு நீலப் பெட்டியின் கதை

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்கு டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரைக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்பும் கலந்த உடல், பின்புறம் இரண்டு ஆன்டெனா. உள்ளே 4 மெகாபைட் ஃபிளாஷ், 16 மெகாபைட் ரேம். வீட்டுக்கும் சிறு கடைக்குமான சாதாரணப் பெட்டி. 2003இல் லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியது. அதே ஆண்டு நடுவில், அந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்று நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வெளியாவது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் விற்கிறவர் வாங்குகிறவருக்கு மூலநிரலையும் தரவேண்டும் என்பது அதன் நிபந்தனை. லிங்க்சிஸ் தரவில்லை. கேள்விகள் வலுத்தன, சில வாரங்களில் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. இன்றைய மாற்று ஃபர்ம்வேர்கள் பலவற்றின் விதை அதுதான். ஒரு நிறுவனத்தின் தாராள மனம் தந்தது அன்று. உரிமத்தில் எழுதியிருந்த ஒரு வரியின் பலத்தில் கிடைத்தது.

2004இல் ஓப்பன் டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. லிங்க்சிஸின் நிரலை ஒட்டுப்போட்டுத் திருத்துவதாக இருந்த வேலை, அடித்தளத்திலிருந்து கட்டிய லினக்ஸ் தொகுப்பாக வளர்ந்தது. ஸ்வேசாஃப்ட் என்ற குழு சந்தா வாங்கிக்கொண்டு ஒரு ஃபர்ம்வேரை வழங்கிவந்தது. அதன் நிரலை அடியாகக் கொண்டு செபாஸ்டியன் காட்ஷால் உருவாக்கியது டிடி-டபிள்யூஆர்டி. ஜொனாதன் ஸராட்டே எழுதிய டொமேட்டோ, எளிய திரைகளுக்கும் அழகான போக்குவரத்து வரைபடங்களுக்கும் பெயர் வாங்கியது.

2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லிங்க்சிஸ் வேறு பாதைக்குப் போனது. லினக்ஸுக்குப் பதில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம். நினைவகம் பாதியாகக் குறைந்து 2 மெகாபைட் ஃபிளாஷ், 8 மெகாபைட் ரேம். பெயரும் உடலும் அதேதான். உள்ளே இருந்தது வேறு. லினக்ஸ் வேண்டும் என்று வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அவர்களுக்காகவே பழைய அமைப்பை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் நிறுவனம் தனியாக விற்க ஆரம்பித்தது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் ரவுட்டர் வாங்கக்கூடாது என்ற பாடம் அன்று பிறந்தது, இன்றைக்கும் பொருந்துகிறது.

உரிமச் சண்டை அத்தோடு முடியவில்லை. 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோமீது வழக்குத் தொடுத்தது. 2009இல் சமரசம் ஏற்பட்டது. ஓப்பன் டபிள்யூஆர்டிக்குள்ளும் பிளவு வந்தது. 2016இல் ஒரு குழு பிரிந்து எல்இடிஇ என்ற பெயரில் இயங்கியது. 2018இல் இரண்டும் மீண்டும் ஒன்றாயின.

இன்றைக்கு எதைத் தேர்வது?

ஓப்பன் டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோவின் வாரிசான ஃப்ரெஷ்டொமேட்டோ ஆகிய மூன்றும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. மூன்றின் குணமும் வேறு.

டிடி-டபிள்யூஆர்டியில் எல்லா வசதிகளும் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். திரையில் தேடிக் குறியிட்டால் போதும். பிராட்காம் சில்லு உள்ள கருவிகளில் மற்றவற்றால் முடியாத இடத்திலும் இது ஓடும். ஆனால் எந்தக் கருவிக்கு எந்தத் தேதியில் வந்த தொகுப்பு நல்லது என்பதை அனுபவப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஃப்ரெஷ்டொமேட்டோ பழகுவதற்கு மிக எளியது. பிராட்காம் சில்லுள்ள சில கருவிகளோடு அதன் எல்லை நின்றுவிடுகிறது.

ஓப்பன் டபிள்யூஆர்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளில் ஓடுகிறது. தேவையான பொதிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். லூசி என்ற வலைத்திரை வழியாக அமைப்புகளை மாற்றலாம். எல்லா அமைப்புகளும் சில எளிய உரைக் கோப்புகளில் இருப்பதால் நகலெடுத்து வைக்கலாம். தெளிவான பதிப்பு எண், அறிவிக்கப்பட்ட ஆதரவுக் காலம், பாதுகாப்பு அறிக்கைகள் உண்டு. தொடக்கத்தில் கொஞ்சம் மிரட்டும். ஆனாலும் அலுவலகம் என்று வரும்போது என் முதல் தேர்வு இதுதான். வசதிகளின் எண்ணிக்கையில் மற்றவை இதை மிஞ்சலாம். ஓட்டையை எப்போது அடைத்தார்கள் என்பதை எழுத்தில் காட்டும் ஒழுக்கமே அலுவலகத்துக்கு முக்கியம்.

கேபிளிலிருந்து காற்றுக்கு: நான்கு வழிகள்

ஓடிக்கொண்டிருக்கும் கேபிள் நெட்வொர்க்கோடு வைஃபையைச் சேர்க்க நான்கு வழிகள் உண்டு. பெரும்பாலான தொல்லைகள் தவறான வழியைத் தேர்வதால் வருகின்றன. அவற்றுக்கு ஃபர்ம்வேரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

முதல் வழி, நாம் அறியாமலேயே செய்துவிடுவது. புது ரவுட்டரின் ‘வான்’ துளையில் அலுவலக கேபிளைச் செருகிவிடுகிறோம். இணையம் வருகிறது, எல்லாம் சரி என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர், முகவரி மாற்றத்துக்கு மேல் முகவரி மாற்றம். வைஃபையில் இருக்கும் லேப்டாப்பும் கேபிளில் இருக்கும் கணினிகளும் வெவ்வேறு நெட்வொர்க்கில் நிற்கின்றன. லேப்டாப்பின் பட்டியலில் பிரிண்டர் வராது. கேபிள் கணினியிலிருந்து லேப்டாப்பின் பகிர்வுக் கோப்புறையைத் திறக்க முடியாது. “நெட் வருது, பிரிண்ட் மட்டும் வரலை” என்ற புகாரின் மூலம் பல இடங்களில் இதுதான்.

இரண்டாவது, சரியான வழி. ரவுட்டரை ரவுட்டர் வேலையிலிருந்து விடுவித்து, வைஃபையை மட்டும் தரும் வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக்குவது. கேபிளை ‘லேன்’ துளையில் செருக வேண்டும். முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை அணைக்க வேண்டும். பெட்டிக்கு அலுவலக நெட்வொர்க்கிலேயே, வேறெந்தக் கருவிக்கும் போகாத ஒரு நிலையான முகவரி தரவேண்டும். இவ்வளவுதான். இனி கேபிளும் காற்றும் ஒரே தெரு. தயாரிப்பாளர் தந்த ஃபர்ம்வேரிலேயே இப்போதெல்லாம் ‘ஏபி மோடு’ இருக்கிறது. வேறெதுவும் வேண்டாம் என்றால் அதுவே போதும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றிய பெட்டியின் இயல்பு முகவரி 192.168.1.1, அலுவலகத்தின் முதன்மை ரவுட்டருக்கும் பல இடங்களில் அதே முகவரிதான். முகவரியை மாற்றாமல் சுவிட்ச்சில் செருகினால் இரண்டு பேர் ஒரே பெயரில் பதில் சொல்லுவார்கள்; இணையம் வரும், போகும். அடுத்தது, டிஎச்சிபியை அணைக்க மறப்பது. காலையில் கணினிகளைப் போடும்போது பாதிப் பேருக்கு முதன்மை ரவுட்டர் முகவரி தரும்; மீதிப் பேருக்கு நம் பெட்டி தரும். யாருக்கு இணையம் வரும், யாருக்கு வராது என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஆகவே தனி லேப்டாப் ஒன்றை நேரடியாகப் பெட்டியில் செருகி, எல்லாவற்றையும் அமைத்து முடித்தபின்தான் அலுவலக சுவிட்ச் பக்கம் போகவேண்டும்.

மூன்றாவது வழி, கேபிள் போட முடியாத இடத்துக்குக் காற்றிலேயே பாலம் அமைப்பது. இதில் நுட்பமான தடை ஒன்று இருக்கிறது. வைஃபையில் ஒரு கருவி ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அனுப்பும் சட்டகத்தில் மூன்று முகவரிகளுக்கே இடம்: அனுப்புகிறவர், இடையில் வாங்கித் தருகிறவர், போய்ச் சேர வேண்டியவர். அனுப்பும் கருவிக்குப் பின்னால் கேபிளில் இன்னும் நான்கு கணினிகள் இருந்தால், அவற்றின் உண்மை முகவரியைச் சொல்ல இடமில்லை. அதனால்தான் சாதாரண வைஃபை இணைப்பைப் பாலமாக்கினால் விநோதமான கோளாறுகள் வருகின்றன. நான்காவது முகவரியையும் சுமக்கும் டபிள்யூடிஎஸ் முறை இதற்குத் தீர்வு. இரண்டு பக்கமும் ஓப்பன் டபிள்யூஆர்டி இருந்தால் ஒரு குறியீட்டில் முடிந்துவிடும். டிடி-டபிள்யூஆர்டியில் ‘கிளையன்ட் பிரிட்ஜ்’, ‘ரிப்பீட்டர் பிரிட்ஜ்’ என்று தனித்தனிப் பெயர்களில் இந்த வேலைகள் உண்டு. மாற்று ஃபர்ம்வேர் உண்மையாகவே கைகொடுக்கும் இடங்களில் இது ஒன்று. ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். காற்று ஒன்றுதான், ஒரே செய்தியை இரண்டு முறை சொல்ல இரண்டு மடங்கு நேரம் வேண்டும்.

நான்காவது, மெஷ். 802.11எஸ் என்ற தரத்தின்படி பல பெட்டிகள் தமக்குள் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பரந்த வளாகத்துக்கும் ஊர்ப் பொது வலையமைப்புக்கும் இது அருமையானது. இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள அலுவலகத்துக்கு அவசியமில்லை.

கேபிள் போட வழியுண்டு என்றால் வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். சுவர் ஓரமாக ஒரு நாள் வேலை. பல வருட நிம்மதி.

காற்றின் கணக்கு

மாற்று ஃபர்ம்வேர் ஏற்றினால் சிக்னல் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பழைய டிடி-டபிள்யூஆர்டியில் ஒலிபரப்புத் திறனைக் கையால் உயர்த்த முடிந்ததால் வந்த நம்பிக்கை இது. ஆக்சஸ் பாயின்ட் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிடலாம். பதில் சொல்ல வேண்டிய கைபேசியிடம் ஒலிபெருக்கி இல்லையே. திரையில் கோடுகள் நிறையத் தெரியும், பக்கம் திறக்காது. ஃபர்ம்வேர் சுவரை உடைக்காது. பெட்டியை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து, ஆட்கள் உட்காரும் கூடத்தின் நடுவே உயரத்தில் மாட்டுவது எந்த ஃபர்ம்வேரையும் விட அதிகப் பலன் தரும்.

அடுத்தது சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபை இணைப்புக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எனவே ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். கடைவீதியில் இருக்கும் அலுவலகத்தில் அந்த மூன்றும் அக்கம்பக்கத்தாரால் நிரம்பியிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம்; தூரம் குறைவு. அதில் ராடாரோடு பங்கிட்டுக்கொள்ளும் சேனல்களும் உண்டு. அவற்றைத் தேர்ந்தால் பெட்டி முதலில் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கும். “வைஃபை வரலையே” என்று அந்த ஒரு நிமிடத்துக்குள் மறுபடி மறுபடி பெட்டியை அணைத்துப் போடுகிறவர்கள் உண்டு.

இரண்டு ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, வெவ்வேறு சேனல் என்று வைக்க வேண்டும். எதில் ஒட்டுவது என்று முடிவெடுப்பது கைபேசிதான். அது பழையதையே பிடித்துத் தொங்கினால் பெட்டிகளின் ஒலிபரப்புத் திறனைக் குறைத்துப் பார்ப்பது உதவும். 802.11ஆர் என்ற தரம் கை மாறும் நேரத்தைச் சுருக்கும். பழைய கருவிகள் சில அதோடு ஒத்துப்போவதில்லை. முதலில் அது இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வேகத்தில் மாற்று ஃபர்ம்வேருக்கு உண்மையான சாதனை ஒன்று உண்டு, அதிகம் பேசப்படாதது. ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது மற்ற எல்லோருடைய வீடியோ அழைப்பும் திக்குவதைப் பார்த்திருப்போம். ரவுட்டருக்குள் பொட்டலங்கள் நீண்ட வரிசையில் தேங்குவதால் வருவது இது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயரிட்டுக் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜிம் கெட்டிஸ். அவரும் டேவ் டாட்டும் மற்றவர்களும் செரோ டபிள்யூஆர்டி என்ற ஆய்வுத் தொகுப்பில் இதற்கு மருந்து தேடினார்கள்; அந்த மருந்துகளை ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றுக்கொண்டது. எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை முறையும் அதன்பின் வந்த கேக் முறையும் பெரிய பதிவிறக்கத்தின் வரிசையில் சின்னப் பொட்டலம் சிக்காதபடி பார்த்துக்கொள்கின்றன. மெதுவான ஒரு பழைய கருவி காற்று நேரம் முழுவதையும் விழுங்கிவிடாமல் பங்கிடும் முறையும் 2017ஐ ஒட்டி லினக்ஸின் வைஃபைப் பகுதிக்குள் வந்தது. பல தயாரிப்பாளர்கள் தொடாத இடம் இது. ஆனால் ஒரு குறிப்பு: இணைய வேகத்தை ஒழுங்குபடுத்தும் வேலை, இணையம் நுழையும் பெட்டியில்தான் முழுப்பலன் தரும், ஆக்சஸ் பாயின்ட்டாக மட்டும் இருக்கும் பெட்டி தன் காற்றை மட்டுமே ஒழுங்குபடுத்தும்.

பூட்டு

வைஃபைப் பாதுகாப்பின் வரலாறு, பூட்டுகள் உடைந்த வரலாறு. முதல் பூட்டான டபிள்யூஇபி 2001இலேயே உடைந்தது. 2004இல் டபிள்யூபிஏ2 வந்தது. பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் எட்டிலக்கப் பின் எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் தெரியவந்தது. ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு துண்டாகச் சோதித்ததும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடக் கூடியதாக இருந்ததும் காரணம். 2017 அக்டோபரில் டபிள்யூபிஏ2வின் கைகுலுக்கலிலேயே கிராக் என்ற ஓட்டை வெளிப்பட்டது. 2018இல் டபிள்யூபிஏ3 வந்தது.

கிராக் வெளிவந்தபோது மாற்று ஃபர்ம்வேரின் பலம் தெரிந்தது. அன்று எல்இடிஇ என்ற பெயரில் இருந்த திட்டம் சில நாட்களில் திருத்திய பதிப்பை வெளியிட்டது. விற்பனை நின்றுபோன ரவுட்டர்களின் உரிமையாளர்களில் பலருக்குத் தயாரிப்பாளரிடமிருந்து எதுவுமே வரவில்லை. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருப்பதாக சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு அறிவித்தது. அவற்றில் பெரும்பகுதி வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் இருக்கும் கருவிகள்.

அலுவலகத்துக்கு அன்றாடம் வேண்டிய பாதுகாப்பு, விருந்தினருக்குத் தனி வைஃபை. வாடிக்கையாளரின் கைபேசியும் கணக்குக் கணினியும் ஒரே தெருவில் நிற்கக் கூடாது. ஆக்சஸ் பாயின்ட்டாக மாறிய பெட்டியில் இதைச் செய்ய இரண்டு முறைகள் உண்டு. முதன்மை ரவுட்டரும் சுவிட்ச்சும் விலேன் அறிந்தவையாக இருந்தால், ஒரே கேபிளில் இரண்டு நெட்வொர்க்குகளைத் தனித்தனி எண்ணிட்டு அனுப்பலாம். இணைய நிறுவனத்தின் பெட்டிக்கு அது தெரியாது என்றால், நம் பெட்டியே விருந்தினருக்கு மட்டும் ரவுட்டராக இருக்கலாம்: அவர்களுக்குத் தனி முகவரி வரிசை, தனி டிஎச்சிபி, இணையத்துக்கு மட்டும் வழி, அலுவலக முகவரிகள் பக்கம் போனால் தடை. விலை மலிந்த ரவுட்டர்களின் சொந்த ஃபர்ம்வேரில் ‘கெஸ்ட்’ பொத்தான் இருக்கும். ஏபி மோடுக்குப் போனதும் பல கருவிகளில் அது மறைந்துவிடும் அல்லது பெயரளவுக்கு நிற்கும். மாற்று ஃபர்ம்வேருக்கு மாறுவதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல காரணம் இதுதான்.

எந்தப் பெட்டி, எப்படி ஏற்றுவது?

பரணில் கிடப்பதெல்லாம் உதவாது. 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் ரேமும் உள்ள கருவிகளை ஓப்பன் டபிள்யூஆர்டி கைவிட்டு வருடங்களாகின்றன. 8 மெகாபைட்டும் 64 மெகாபைட்டும் இருந்தால் தட்டுத்தடுமாறி ஓடும். 16 மெகாபைட் ஃபிளாஷ், 128 மெகாபைட் ரேம் இருந்தால் நிம்மதி. வைஃபை சில்லின் இயக்கி நிரல் கட்டற்றதாக இருக்க வேண்டும். ஏதெரோஸின் பழைய சில்லுகளும் மீடியாடெக்கின் பல சில்லுகளும் நன்றாக வரும். பிராட்காம் சில்லு என்றால் ஓப்பன் டபிள்யூஆர்டியில் வைஃபை முடங்கிப்போக வாய்ப்பு அதிகம். ஆக்சஸ் பாயின்ட் வேலைக்குப் பலவீனமான செயலியும் போதும். முகவரி மாற்றும் சுமை அதற்கு இல்லை. ஆனால் 100 மெகாபிட் துளை உள்ள பழைய பெட்டி அந்த வேகத்துக்கு மேல் தராது.

புதிதாக வாங்க முடிந்தவர்களுக்கு ஓப்பன் டபிள்யூஆர்டியை அடிப்படையாகக் கொண்ட ஃபர்ம்வேரோடு வரும் கருவிகள் உண்டு. 2024 இறுதியில் ஓப்பன் டபிள்யூஆர்டி திட்டமே தன் பெயரில் ஒரு கருவியை, ‘ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன்’ என்று வெளிக்கொண்டுவந்தது. இரண்டு ஃபிளாஷ் நினைவகங்கள் அதில் இருப்பதால், ஒன்றில் பதித்தது கெட்டாலும் மற்றொன்றிலிருந்து மீட்டுவிடலாம். அஞ்சி நிற்பவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

ஏற்றும் வேலை பத்து நிமிடம். ஆயத்தம் ஒரு மாலை நேரம். கருவியின் மாதிரி எண்ணோடு பதிப்பு எண்ணையும் பார்த்து, அதற்கே உரிய கோப்பை எடுக்க வேண்டும். தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரிலிருந்து மாறுவதற்கு ‘ஃபேக்டரி’ கோப்பு; ஏற்கெனவே ஓப்பன் டபிள்யூஆர்டி இருந்தால் ‘சிஸ்அப்கிரேடு’ கோப்பு. பதிவிறக்கியது பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும். கேபிளில் இணைத்துத்தான் ஏற்ற வேண்டும். வைஃபையில் ஏற்றக் கூடாது. பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் யுபிஎஸ் மின்சாரம் தரவேண்டும், ஏனென்றால் எழுதும் நடுவில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்தான். பல கருவிகளில் டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகவோ உள்ளே இருக்கும் சீரியல் முனைகள் வழியாகவோ மீட்க முடியும். அந்த வழி நம் கருவிக்கு உண்டா என்பதை ஏற்றுவதற்கு முன்பே படித்துவைத்திருக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் வைஃபை தெரியவில்லையே என்று பதற வேண்டாம். பெரும்பாலான கருவிகளில் ஓப்பன் டபிள்யூஆர்டி வைஃபையை அணைத்த நிலையில்தான் தொடங்கும். முதல் வேலை ரூட் பாஸ்வேர்டு வைப்பது. இரண்டாவது, நாட்டுக் குறியீட்டைச் சரியாகத் தருவது.

இணைய நிறுவனம் வைத்துவிட்டுப் போன பெட்டியில் இதையெல்லாம் செய்யக் கூடாது. அது அவர்கள் பொருள். நம் பெட்டி அதற்குப் பின்னால் நிற்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக் குறியீடு சும்மா ஓர் அலங்காரம் அன்று. அந்தந்த நாடு அனுமதித்த சேனலையும் திறனையும் பெட்டி மீறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளின் மென்பொருளைப் பூட்டச் சொன்னபோது, 2015இல் மாற்று ஃபர்ம்வேரே செத்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. அனுமதித்த அளவைத் தாண்டும் ரவுட்டர்களை விற்றதற்காக 2016இல் டிபி-லிங்க் 2,00,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதே உடன்பாட்டில் மாற்று ஃபர்ம்வேருக்கு இடம்தர முயல்வதாகவும் வாக்களித்தது. அலைவரிசை விதியைக் காப்பதும் வாங்கியவர் உரிமையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அந்த உடன்பாடு காட்டியது.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸில் அகலமான பகுதிகளுக்கு 2018இலும் உரிம விலக்கு வந்தது. உரிமம் வேண்டாம் என்றால் திறனுக்கு வரம்பு இல்லை என்று பொருளல்ல. சிக்னலுக்காக வேறு நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் விதிமீறல். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல் நவி மும்பையில் பூட்டாத ஒரு வைஃபை வழியாகப் போனது. தொடர்பே இல்லாத ஒருவர் விசாரணை வளையத்துக்குள் வந்தார். திறந்த வைஃபை வைப்பவர் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய சம்பவம் அது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் காக்கவும் கடிகாரங்களை ஒத்திசைக்கவும் ஆணையிட்டது. ஓப்பன் டபிள்யூஆர்டி பதிவுகளை இயல்பாக ரேமில்தான் வைக்கும். பெட்டி அணைந்தால் போய்விடும். வேறொரு கணினிக்கு அவற்றை அனுப்பும் வசதி அதிலேயே உண்டு. அமைப்பது நம் வேலை.

எதிர்வாதமும் தீர்ப்பும்

இவ்வளவுக்கும் பதிலாக நிர்வகிக்கும் வசதியோடு வரும் ஒரு நல்ல ஆக்சஸ் பாயின்ட்டை வாங்கி, மின்சாரத்தையும் சேர்த்துச் சுமக்கும் பிஓஇ கேபிளில் கூரையில் மாட்டிவிட்டால் என்ன? இது வலுவான வாதம். உத்தரவாதம் உண்டு, அழைத்தால் ஆள் வருவார், விருந்தினர் வைஃபையும் விலேனும் தயாராக இருக்கும். பத்துப் பேர் ஒரு நாள் வேலையிழந்தால் மிச்சம் பிடித்த காசு அன்றே கரைந்துவிடும். ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றிய தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டால் பாஸ்வேர்டு தெரிந்தவரே இருக்க மாட்டார். புதிய பதிப்பு வந்த சில மாதங்களில் பழையதற்கான ஆதரவு நின்றுவிடும். புதுப்பிக்காத மாற்று ஃபர்ம்வேரும் கைவிடப்பட்ட தயாரிப்பாளர் ஃபர்ம்வேரும் ஒன்றுதான்.

அந்த வாதத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. வாங்கிய கருவிக்கு எத்தனை வருடம் திருத்தம் வரும் என்பது தயாரிப்பாளர் கையில். அவர் நிறுத்தினால் நன்றாக ஓடும் பெட்டி குப்பைக்குப் போகும். மாற்று ஃபர்ம்வேர் அந்த முடிவை நம் கைக்குக் கொண்டுவருகிறது. அதன் உண்மையான பரிசு வேகமோ தூரமோ அல்ல, ஆயுளும் ஆளுமையும்.

ஆகவே என் தீர்ப்பு இது. முதலில் கேபிள், அடுத்தது இடம், மூன்றாவதுதான் ஃபர்ம்வேர். கேபிள் எட்டும் இடத்தில், போதிய நினைவகமும் கட்டற்ற இயக்கியும் உள்ள பெட்டி இருந்து, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டிருந்தால் ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றிய ஆக்சஸ் பாயின்ட் சிறு அலுவலகத்துக்கு மிக நல்ல தேர்வு. விருந்தினரைப் பிரித்து வைக்க வேண்டும் என்றால் இன்னும் நல்லது. அந்த ஒருவர் இல்லை என்றால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம். ஆதரவோடு வரும் கருவியை வாங்கிவிடுங்கள்.

ஏற்றுவதென்று முடிவெடுத்துவிட்டால் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு தாளை எடுங்கள். பெட்டியின் முகவரி, மாதிரி மற்றும் பதிப்பு எண், ஏற்றிய ஃபர்ம்வேரின் பதிப்பு, ஏற்றிய தேதி, அமைப்புக் கோப்பின் நகல் எங்கே இருக்கிறது, அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய மாதம், பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் தனியே உறையில் போட்டு முதலாளியின் மேசை அறையில் பூட்டி வையுங்கள். தாளைப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.